ஐந்து நிமிடத்தில் ஒரு கேள்வி

அன்ரோவை முதன்முதலில் ஆசிரியராக நியமித்தது அரசாங்கம் அல்ல, அவனுடைய மாமியார் பீற்றிஸ். ஒன்பது வருடங்களுக்கு முன்னர், கல்யாணக் காட் அச்சடிக்கக் கொடுத்த அன்று, மாப்பிள்ளையின் பெயருக்குக் கீழே "ஆசிரியர்" என்று போடச் சொன்னவர் அவர்தான். அன்ரோ அப்போது பட்டப்படிப்பை முடித்துவிட்டு, நாவற்குடாவில் ஒரு ஓலைக் கொட்டிலுக்குள் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூசன் கொடுத்துக்கொண்டிருந்தான். அதைத் தவிர வேறு வேலை கிடையாது.

"மாமி, எனக்கு இன்னும் வேல கிடைக்கல்லையே" என்று தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தான்.

"கிடைக்கும்தானே மனெ. காட் அடிச்சா அடிச்சதுதான், மறுகா மாத்த ஏலாது" என்றார் பீற்றிஸ்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். பீற்றிஸ் தன் வீட்டை மகள் டினுஷாவின் பெயருக்கு எழுதிவிட்டு, மாப்பிள்ளையை முன்னறைக்கு எடுத்துவிட்டு, தான் குசினிக்குப் பக்கத்து அறைக்குப் போனவர். அவ்வளவையும் கொடுத்த மனுசிக்கு நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள ஒரு சொல் வேண்டாமா? கட்டாரில் நிற்கிறான் என்றால் காசு இருக்கும், மரியாதை அரைவாசிதான். கடை வைத்திருக்கிறான் என்றால் அந்தக் கடை அடுத்த நத்தாருக்கு இருக்குமோ தெரியாது. மாஸ்டர் என்றால்தான், கோயிலுக்குப் பிந்திப் போனாலும் வாங்கில் இருப்பவர்கள் தள்ளியிருந்து இடம் கொடுப்பார்கள். இது பீற்றிஸின் கணிப்பு. அந்த ஒழுங்கையில் பாதிப் பேரின் கணிப்பும் அதுதான்.

ஆக, அன்ரோ மாஸ்டராகிவிட்டான். மீன் வாங்கப் போனால் மாஸ்டர், சலூனில் மாஸ்டர். ஒவ்வொரு தடவையும் உள்ளே சுருக்கென்று குத்தும். பொய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறோம் என்ற கூச்சம் அவனை விட்டுப் போகவேயில்லை.

நாலு வருடம் கழித்துப் பட்டதாரிகளுக்கு வேலை கொடுத்தார்கள். அன்ரோவுக்கும் கிடைத்தது. ஆனால் ஆசிரியர் வேலை அல்ல, அபிவிருத்தி உத்தியோகத்தர் வேலை. ஒரு பிரதேச செயலகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்தப் பிரிவில் உத்தியோகத்தர்கள் பதினாலு பேர், கதிரைகள் ஒன்பது. எட்டு மணிக்கு முன்னர் போகிறவருக்கு இருக்கை, பிந்திப் போகிறவருக்கு அலுமாரிப் பக்கம். வந்த கடதாசிகளைப் பத்து மணிக்குள் முடித்துவிட்டு, மிச்ச நேரம் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என்னத்தை அபிவிருத்தி செய்தாய் என்று யாராவது கேட்டிருந்தால், நேரத்துக்கு எழும்பிக் கதிரை பிடிக்கிற பழக்கத்தைத்தான் அவனால் காட்டியிருக்க முடியும்.

அப்படி இருக்கையில் ஒருநாள் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆசிரியர் இல்லாத பாடசாலைகளில் தற்காலிகமாகப் போய் நிற்க விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்றிருந்தது. இடம் படுவான்கரை. அதாவது வாவிக்கு அந்தப் பக்கம். கடற்கரைப் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே கால் வலிக்கும். பதினாலு பேரில் அன்ரோ ஒருவன்தான் பெயர் கொடுத்தான். சேவை மனப்பான்மை, தியாகம் என்று எதையாவது சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் உண்மை அதுவல்ல. கல்யாணக் காட்டில் அடித்த பொய்யைப் பாதியாவது உண்மையாக்கிவிடலாம் என்றுதான் போனான்.

காலை ஆறரைக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, ஆரையம்பதியைத் தாண்டித் தெற்கே போய், துறையில் பாதை ஏறுவான். மோட்டார் சைக்கிள்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையைத்தான் அங்கே பாதை என்பார்கள். சேலைத் தலைப்பைக் காற்றுக்கு இறுக்கிப் பிடித்தபடி ரீச்சர்மார், சாப்பாட்டுப் பெட்டியோடு சேர்மார், அவர்களோடு அவனும். அக்கரையில் இறங்கி, இரண்டு பக்கமும் வட்டை என்கிற வயல் வெளிகளுக்கு நடுவே இன்னும் ஆறு கிலோமீற்றர் போனால் பாடசாலை. தகரக் கூரை போட்ட இரண்டு கட்டடமும் ஒரு குழாய்க் கிணறும் சாமித்தம்பி என்ற அதிபரும் அங்கே இருந்தார்கள்.

ஆசிரியர்கள் கையொப்பமிடும் புத்தகம் அதிபரின் மேசையில் விரித்தபடி கிடக்கும். அன்ரோவின் பெயர் அதில் இல்லை. அவனுக்கென்று தனியாக ஒரு கொப்பி அலுமாரிக்குள் இருந்தது. பக்கத்துக்கு ஒரே பெயர், ஒரே கையொப்பம்.

"குற நினைக்கப்படா தம்பி, சட்டம் அப்பிடி" என்று முதல் நாளே சாமித்தம்பி சொன்னார். "பிள்ளையளுக்கு இது ஒண்டும் தெரியா. அவங்களுக்கு நீங்க சேர்தான்."

ஆறாம் ஆண்டுக்குக் கணக்குப் படிப்பிக்கச் சொன்னார்கள். பதினேழு பிள்ளைகள். முதல் தவணை முழுக்க அன்ரோ எல்லோரையும் போலத்தான் படிப்பித்தான். கேள்வி கேட்பான், முன்வரிசையில் இரண்டு பேர் கை உயர்த்துவார்கள், அவர்கள் சொல்வார்கள், சரி என்று அடுத்ததுக்குப் போவான். மற்றப் பதினைந்து பேரும் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். பாடம் நன்றாகப் போகிறது என்றே அவன் நினைத்திருந்தான்.

மாரி தொடங்கிய ஒரு நாள், நிருஷா என்ற பிள்ளையை எழுப்பி ஒரு கேள்வி கேட்டான். நிருஷா வாய் திறக்காத பிள்ளை. எழும்பி நிற்கும், நிலத்தைப் பார்க்கும், இரு என்றால் இருக்கும். அவன் "இருங்க மனெ" என்று சொல்லப் போகிற நேரம் பார்த்து மழை கொட்டத் தொடங்கியது. பிள்ளைகளை ஆண் பெண் பாராமல் மனெ என்று கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அவன் பேசாமல் நின்றான், பிள்ளையும் நின்றது. நாலைந்து நிமிடம் கழித்து மழை கொஞ்சம் விட்டபோது, நிருஷா தலையை நிமிர்த்தாமலே விடையைச் சொன்னாள். சரியான விடை.

பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. யோசிக்கத்தான் யாரும் நேரம் கொடுக்கவில்லை. ஒரு தவணை முழுக்கத் தானும் கொடுக்கவில்லை என்று நினைத்தபோது அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்று தொடங்கியது அந்தப் பழக்கம். கேள்வி கேட்டால் பிறகு வாய் திறக்கமாட்டான். தூண்டமாட்டான், பாதி விடையை எடுத்துக் கொடுக்கமாட்டான். எத்தனை நிமிடமானாலும் நிற்பான். முன்வரிசைப் பிள்ளைகள் முதலில் நெளிந்தார்கள், பிறகு அவர்களும் பழகிக்கொண்டார்கள். அன்ரோ சேரின் வகுப்பு செத்தவீடு மாதிரி இருக்கிறது என்று மற்ற ஆசிரியர்கள் பகிடி பண்ணினார்கள். ஆனால் அந்தச் செத்தவீட்டில் வருட முடிவுக்குள் பதினேழு பேரும் வாய் திறந்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு கல்யாணக் காட்டைப் பற்றி அன்ரோ நினைக்கவேயில்லை. இப்போது அவன் உண்மையிலேயே ஆசிரியராக வேண்டும் என்று ஆசைப்பட்டான். வாழ்க்கையில் அவன் எதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

அறிவித்தல் வந்தபோது அவனுக்கு முப்பத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. பாடசாலைகளில் நிற்கும் அபிவிருத்தி உத்தியோகத்தர்களுக்குப் பரீட்சை வைத்து ஆசிரியராக எடுக்கப் போகிறார்கள், வயதெல்லை நாற்பது. அடுத்த தடவை என்று ஒன்று வந்தாலும் அது அவனுக்கில்லை. எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்தான். மிச்சம் நேர்முகப் பரீட்சை. அதில் ஐந்து நிமிடம் படிப்பித்துக் காட்ட வேண்டும்.

டினுஷா வீட்டிலேயே தையல் மெசின் வைத்திருந்தாள். ரீச்சர்மாருக்குச் சேலைச் சட்டை தைப்பதுதான் அவளுடைய தொழில். கட்டாரில் இருந்த அவளுடைய தமையன் அன்ரோவுக்கு அங்கே ஒரு களஞ்சியசாலையில் வேலை பார்த்து வைத்துக்கொண்டு கிழமைக்கு ஒருமுறை போன் எடுத்தான். ஒருநாள் அவள் மெசினை நிறுத்திவிட்டு நேராகவே கேட்டாள்.

"இது சரிவராட்டி அண்ணாட்ட போவீங்களா?"

"போவன்" என்றான் அன்ரோ. "திரும்பி அந்த ஒபிசில போய் அலுமாரிக்குப் பக்கத்தில நிக்க என்னால ஏலா."

அவள் திரும்ப மெசினை மிதிக்கத் தொடங்கினாள். அவன் போவதில் அவளுக்குத் துளியும் விருப்பமில்லை. அவன் அலுமாரிக்குப் பக்கத்தில் நிற்பதிலும் விருப்பமில்லை.

நேர்முகப் பரீட்சைக்கு முதல் கிழமை, பின்னேரம், முன் விறாந்தையில் ஒத்திகை நடந்தது. மாணவர்கள் இரண்டு பேர், டினுஷாவும் பீற்றிஸும். பாடம் பின்னம். ஆளுக்கு ஒரே அளவில் நீளமாக வெட்டிய இரண்டு கடதாசிக் கீலங்களைக் கொடுத்துவிட்டு அன்ரோ கேட்டான்:

"மூன்றில் ஒன்று பெரிசா, நாலில் ஒன்று பெரிசா?"

"நாலுதான் பெரிசு" என்றார் பீற்றிஸ் உடனே.

அன்ரோ பேசாமல் நின்றான்.

"சொல்லிட்டன்தானே. என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்க?"

அவன் அப்போதும் பேசவில்லை. பீற்றிஸ் மகளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் கடதாசியைப் பார்த்தார். ஒன்றை மூன்றாக மடித்தார். மற்றதை நாலாக மடித்தார். இரண்டையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தார்.

"நாலு பேருக்குப் பங்கு வெச்சா ஆளுக்குக் குறையத்தானே வரும்" என்றார் கடைசியில், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. பிறகு மருமகனை நிமிர்ந்து பார்த்தார். "எங்களுக்கு ஆரும் இப்பிடிக் காத்துக்கொண்டு நிக்கல்ல மனெ. நிண்டிருந்தா நானும் அஞ்சாம் வகுப்போட விட்டிருக்கமாட்டன்."

டினுஷா போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள்.

"பதினொரு நிமிசம்" என்றாள். "அங்க அஞ்சுதான் தருவாங்க. இஞ்ச பாருங்க, அங்க பிள்ளையள் இருக்கமாட்டாங்க. நீங்களே கேட்டு நீங்களே விடை சொல்லோணும். 'கெட்டிக்காரப் பிள்ளை, இருங்க' எண்டு சொல்லிப்போட்டு அடுத்ததுக்குப் போகோணும். எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறாங்களாம். என்னட்டச் சட்ட தைக்கிற ரீச்சர் சொன்னவ."

அவள் சொன்னது நியாயம். அன்ரோ அந்தக் கிழமை முழுக்கக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, இல்லாத பிள்ளைக்குக் "கெட்டிக்காரப் பிள்ளை, இருங்க" சொல்லிப் பழகினான். நாலரை நிமிடத்தில் பாடம் கச்சிதமாக முடிந்தது.

திருகோணமலையில் நேர்முகப் பரீட்சை மண்டபத்துக்கு வெளியே வாங்கில் இருந்தபோது, தனக்கு முன்னர் உள்ளே போனவரின் குரல் கேட்டது. "நல்ல விடை பிள்ளை! எல்லோரும் கை தட்டுங்கள்!" என்று அவர் ஆளில்லாத வகுப்பை அமர்க்களப்படுத்திக்கொண்டிருந்தார். அன்ரோ "கெட்டிக்காரப் பிள்ளை, இருங்க" என்று உதட்டுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தான். தன் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போனான்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். இரண்டு ஆண்கள், நடுவில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் அதிகாரி. அவர்தான் தலைவர். அன்ரோ வணக்கம் சொல்லி, மூவருக்கும் கடதாசிக் கீலங்களைக் கொடுத்து, கேள்வியைக் கேட்டான். மூன்றில் ஒன்று பெரிதா, நாலில் ஒன்று பெரிதா?

அடுத்த வசனம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கெட்டிக்காரப் பிள்ளை, இருங்க. அதைச் சொல்ல வாயெடுத்த அந்தக் கணத்தில்தான், அந்த அம்மையார் கீலத்தைக் கையில் எடுத்ததை அவன் கண்டான்.

அவர் ஏன் எடுத்தார் என்று யாருக்குத் தெரியும். காலையிலிருந்து இருபது பேரின் ஆளில்லாத வகுப்புகளைக் கேட்டுக் களைத்துப்போய்ச் சும்மா எடுத்திருக்கலாம். ஆனால் எடுத்துவிட்டார், மடிக்கவும் தொடங்கிவிட்டார். ஒருவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேச அன்ரோவுக்கு வரவில்லை. நாலு வருடத்துப் பழக்கம் விடவில்லை. நின்றான். மூன்றாக மடிப்பது லேசல்ல, அவருக்குக் கோணலாகப் போனது, விரித்துத் திரும்ப மடித்தார். வலது பக்கத்தில் இருந்தவர் பேனையால் மேசையைத் தட்டினார். இடது பக்கத்தில் இருந்தவர் மணிக்கூட்டைப் பார்த்தார். என்ன மடத்தனம் செய்கிறேன், கட்டாருக்குப் போகப் போகிறேன் என்று அன்ரோவுக்கு முதுகு வியர்த்து வழிந்தது. ஆனாலும் நின்றான்.

அவர் இரண்டு கீலங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மூன்றில் ஒன்று" என்றார்.

"ஏன் மனெ?" என்று கேட்டான் அன்ரோ.

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவன் காதில் விழுந்தது. மாகாணத்துக் கல்வி அதிகாரியை, தன்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரை, நேர்முகப் பரீட்சையில் வைத்து மனெ என்று கூப்பிட்டாகிவிட்டது. வலது பக்கத்தவர் சிரிப்பை அடக்க இருமினார். அம்மையார் சிரிக்கவில்லை.

"நாலாகப் பிரித்தால் துண்டு சின்னனாகிறது" என்று கடதாசியைப் பார்த்தபடியே சொன்னார்.

மணி அடித்தது.

"ஐந்து நிமிடத்தில் ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறீர்கள்" என்றார் இடது பக்கத்தவர். "பாடம் எங்கே?"

"பிள்ளை யோசிச்சுக்கொண்டு இருந்தது சேர்" என்று சொல்லிவிட்டு அன்ரோ வெளியே வந்தான்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது டினுஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் வந்துவிட்டது. "போனாப் போகட்டும், விடுங்க" என்று அவன் தோளில் கை வைத்தாள். பீற்றிஸ் குசினிக்குள் போய், அவனுக்குப் பிடித்த இறால் பொரியலைச் செய்து வைத்தார். அடுத்த கிழமை அன்ரோ கடவுச்சீட்டைப் புதுப்பிக்கக் கொடுத்தான்.

மூன்றாம் மாதம் பட்டியல் வந்தது. அதில் அவன் பெயர் இருந்தது. படிப்பித்துக் காட்டியதற்கு எத்தனை புள்ளி, யார் போட்டது என்றெல்லாம் யாரும் சொல்லவில்லை. பீற்றிஸ் சேலை மாற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனார். அங்கே யாரிடமும் எதுவும் சொல்ல முடியாது, ஊருக்கு அவன் ஒன்பது வருடமாக மாஸ்டர்தானே. அதனால் மாதாவிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

நியமனக் கடிதத்தைப் பிரித்த பிறகுதான் அடுத்த சங்கதி தெரிந்தது. போட்டிருந்தது வேறு பாடசாலை. படுவான்கரையிலேயே இன்னும் உள்ளே, காட்டோரம். சாமித்தம்பியின் பாடசாலையில் பிள்ளைகளின் தொகைக்குக் கணக்கு ஆசிரியர் இடம் இல்லையாம். அதிபர் வலய அலுவலகத்துக்கு இரண்டு தடவை போனார், கடிதம் கொடுத்தார், வாசலில் காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஆசிரியராக இருக்காத வரைக்கும் அன்ரோ அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கலாம். ஆசிரியராகிவிட்டால் முடியாது. இப்படி ஒரு கணக்கை அவன் எந்தப் புத்தகத்திலும் கண்டதில்லை.

கடைசி நாள் ஆறாம் ஆண்டுக்குப் போனான். முதல் வருடத்து நிருஷா இப்போது ஒன்பதாம் ஆண்டு. அவளுடைய தங்கை ஆச்சிப்பிள்ளை இந்த வகுப்பில் இருந்தாள். அப்பம்மாவின் பெயரை வைத்துவிட்டார்கள் என்று முறைப்பாடு சொல்லித் திரியும் பிள்ளை. அக்காவைப் போலல்ல, மனதில் பட்டதைக் கேட்டுவிடும். அன்ரோ திங்கட்கிழமையிலிருந்து தான் வேறு பள்ளிக்கூடம் என்று சொன்னான். யாராவது போகவேண்டாம் என்று சொல்வார்கள் என்று அவன் மனம் எதிர்பார்த்தது. சொன்னால் என்ன செய்வது என்றும் பயந்தது.

ஆச்சிப்பிள்ளைதான் எழும்பினாள்.

"சேர், அங்க கணக்குக்கு ஆள் இரிக்கா?"

"இல்ல மனெ. ரெண்டு வருசமா இல்லையாம்."

"அப்ப போங்க சேர்" என்றாள். "எங்களுக்குப் பழகிட்டு. அவங்க பாவம்."

சொல்லிவிட்டுக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாள். மற்றப் பிள்ளைகளும் திறந்தார்கள். பதினொரு வயதில் இந்தப் பிள்ளைகளுக்கு ஆட்கள் விட்டுவிட்டுப் போவது பழகிவிட்டதே என்று அன்ரோ நினைத்தான். அழுது பிடித்திருந்தால் கூட இவ்வளவு வலித்திருக்காது.

மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் கிடந்தது. அவன் வெண்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் அடுத்த கணக்கை எழுதினான்.

"சேர், எழுத்துத் தெரியல்ல" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

அவனுக்கும் தெரியவில்லை. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, அதை அழித்து, பெரிதாக எழுதினான்.